மீனுக்கு அம்மை போட்ட வருடம்

என் வீட்டுக்காரர் முகத்தில் அம்மைத் தழும்பு உண்டு. அவர் பெண் பார்க்க வந்த அன்று என் அண்ணி கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை முகத்தைக் கோழி கொத்தியிருக்கிறது என்று வந்து சொன்னாள். சின்ன வயதில் அவருக்கு வந்தது பெரியம்மை. அவர் வீட்டில் நான்கு பிள்ளைகள் ஒன்றாகப் படுத்தார்கள். எழுந்தது அவர் ஒருவர்தான். ஆத்தா தன்னைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள் என்றே கடைசிவரை நம்பினார். அந்த நம்பிக்கையை நான் கேலி செய்யாத நாள் குறைவு. எங்கள் பிழைப்பு கெட்டதும் அதனால்தான். இருந்தாலும் அதற்காக அவரைத் திட்ட எனக்கு ஒருநாளும் மனம் வந்ததில்லை.

ரப்பர் விலை விழுந்து மலாய் நாடே சுருண்டு கிடந்த காலம் அது. நாங்கள் பிரிக்பீல்ட்ஸில், வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில், ஓர் அறையில் இருந்தோம். அவர் மேட்டில் இருந்த துரை பங்களாவில் தோட்டக்காரர். லயத்திலிருந்து வாரம் ஒரு குடும்பமாவது மூட்டையைக் கட்டிக்கொண்டு போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்துக்கு ரயில் ஏறும். வேலை போனவர்களைச் சும்மா வைத்துச் சோறு போட யாரும் தயாராக இல்லை. ஊருக்கே கப்பலில் திருப்பி அனுப்பினார்கள். கப்பலுக்கு மட்டும் காசு கேட்கவில்லை. அந்த நாட்களில் எங்கள் ஆட்களுக்கு இனாமாகக் கிடைத்தது அது ஒன்றுதான்.

அவருக்காவது ஊர் என்று ஒன்று ஞாபகத்தில் இருந்தது. எனக்கு அதுவும் இல்லை. நான் பிறந்தது பூச்சோங் பக்கம் ஒரு தோட்டத்தில். கடலையே நான் பார்த்ததில்லை. பார்க்காத ஊருக்குத் 'திரும்பி' எப்படிப் போவது?

அப்போது பார்த்து எங்கள் துரையும் துரைசானியும் நீண்ட லீவில் சீமைக்குக் கிளம்பினார்கள். பங்களாவைப் பூட்டப் போகிறார்கள் என்றதும் எங்கள் லயத்தில் எங்களுக்காக இரக்கப்படத் தொடங்கிவிட்டார்கள். சமையல்காரரை நிறுத்தினார்கள். நாயை இன்னொரு துரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மீன்களைத்தான் எடுத்துக்கொள்ள ஆளில்லை. பின்பக்க வராந்தாவில் இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. அதில் ஏழு தங்கமீன்கள். ஒவ்வொன்றுக்கும் வால் முந்தானை மாதிரி தொங்கும். துரைசானி அவற்றைச் சிங்கப்பூரில் வாங்கி மடியில் வைத்துக் கொண்டுவந்ததாகச் சொல்வார்கள். துரை ஆபீசில் சொல்லி, தான் திரும்பி வரும்வரை மீனைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போனார். பாதிச் சம்பளம், ஆனால் அறை அப்படியே இருக்கும். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள்.

"மீன் இருக்கிறவரைக்கும் நமக்குச் சோறு" என்றார் அவர்.

இத்தனை நாள் மீனைத் தின்றோம், இனி மீன் போடுகிற சோற்றைத் தின்போம் என்று நான் சொன்னேன். அவர் சிரித்தார். அவர் சிரித்தால் தழும்பெல்லாம் ஒன்றுகூடிக் கன்னம் கசங்கும். எனக்கு அது பிடிக்கும்.

சனிக்கிழமை தோறும் ஆபீஸ் குமாஸ்தா ஒருவர், கிராணி என்போம், மேட்டுக்கு ஏறி வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். வெயிலோ மழையோ, குடையை விரித்தபடியே வருவார். படிக்கட்டின் கீழே நின்று, "மீன் சுகமோ?" என்பார். இவர் வராந்தாவில் கைகட்டி நின்று, "சௌக்கியமா இருக்குதுங்கய்யா" என்பார். கிராணி ஏறி வந்து தொட்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். அவர் ஆபீசில் போய் மீன் இருக்கிறது என்று சொன்னால் எங்களுக்குச் சம்பளம் உண்டு. ஒரு மனிதனின் வேலை ஏழு மீனின் மூச்சில் தொங்கியது என்று இன்று யாரிடமாவது சொன்னால், கிழவி கதை கட்டுகிறாள் என்பார்கள்.

துரைசானி வைத்துப் போன டப்பாத் தீனி தீர்ந்தது. கொசுப்புழு போட்டால் மீன் நன்றாகத் தின்னும் என்று இவருக்குத் தெரியும். ஆனால் மலேரியாவுக்குப் பயந்து டவுன் சாக்கடைகளிலெல்லாம் எண்ணெய் ஊற்றிவைத்திருந்தார்கள்; ஒரு புழு கிடைக்காது. அதனால் ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டைகள் வரை நடந்து போய், பால் டின்னில் புழுவை அள்ளி வருவார். அந்தக் குட்டைகளில் சின்னச் சின்ன மீன்களும் இருந்தன. அவர் புழுவோடு கொஞ்சம் குட்டைத் தண்ணீரையும் சேர்த்துத்தான் ஊற்றினார். வேறு எப்படி ஊற்றுவது?

முதலில் ஒரு மீன் தொட்டியிலிருந்த கல்லில் விலாவை உரசியது, மாடு வேலிக்காலில் உரசுகிற மாதிரி. விளையாடுகிறது என்று நினைத்தோம். பிறகு அது செட்டையை விரிக்காமல் உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு ஒரு மூலையில் நின்றது. ஒருநாள் காலை இவர் என்னை லயத்திலிருந்து கையோடு கூட்டிப் போய்க் காட்டினார். வாலிலும் முதுகிலும் ரவையைத் தூவினதுபோல் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி. தீனிதான் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று நான் சொன்னேன். அவர் காதில் அது விழவில்லை. அவருடைய கை தன் கன்னத்துக்குப் போய்விட்டிருந்தது.

"ஆத்தா வந்திருக்கா" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. மீனுக்கு எப்படி அம்மை வரும் என்று கேட்டேன். கோழிக்கு வரவில்லையா, மாட்டுக்கு வரவில்லையா என்று அவர் திருப்பிக் கேட்டார். வரத்தான் செய்கிறது.

அன்று முதல் எங்கள் வீட்டில் தாளிப்பு நின்றது. பங்களா வராந்தாத் தூணில் வேப்பிலை கட்டினார்; கோயில் மரத்தில் ஒடித்துவந்த வேப்பங்கொத்தும் மஞ்சளும் தொட்டியில் மிதந்தன. அம்மை என்றால் சூடு; சூட்டைத் தணிக்க வேண்டும். எனவே தொட்டியை வெயில் எட்டாத இருட்டு மூலைக்கு நகர்த்தி, நனைத்த கோணியைச் சுற்றினார். கிணற்றின் அடித்தண்ணீரை இறைத்து இறைத்து ஊற்றினார். குளித்து ஈர வேட்டியோடுதான் கிட்டே போவார். ராத்திரி வராந்தாவிலேயே படுத்துக்கொண்டார். 'நோய்' என்று நான் வாய் தவறிச் சொன்னதற்கு அவர் ஒரு வேளை சாப்பிடவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. அவரிடம் சொல்லாமல், பாசாரில் மீன் வளர்த்து விற்கிற சீனரிடம் போனேன். எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் விஷயத்தைச் சொன்னேன். தண்ணீரில் உப்புப் போடு, தொட்டியை வெயிலில் வை, தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும் என்றார். பிழைக்குமா என்று கேட்டேன். "தா தாவு" என்றார், தெரியாது என்று. அவர் கடையிலும் ஒரு வாளியில் செத்த மீன்கள் மிதந்தன. அதைப் பார்த்தபின் அவர் சொன்னதில் எனக்குப் பாதி நம்பிக்கைதான் மிஞ்சியது. இருந்தாலும் வீட்டுக்கு வந்து சொன்னேன்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"அம்மைக்கு உப்பு ஆகாது, சூடு ஆகாது. சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்" என்றார். பிறகு, "எங்க வீட்டுல எனக்கு மூத்த புள்ளைங்க மூணு பேருக்கும் யாரோ மருந்து குடுத்தாங்க. நான் கடைக்குட்டி, எப்படியும் போயிடுவேன்னு எனக்கு மட்டும் குடுக்கல. வேப்பிலையில போட்டு வச்சிருந்தாங்க. நான்தான் இருக்கேன்" என்றார்.

இதைக் கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அவர் சொன்னதே இல்லை. இதற்கு மேல் உப்பைப் பற்றி நான் எப்படிப் பேசுவேன்? அடுப்படியில் உப்புச் சட்டி இருந்தது. இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை கிராணி வந்தவர் வேப்பிலையைப் பார்த்ததும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். அம்மை கண்ட வீட்டை ஆபீசுக்குச் சொல்லாமல் இருந்தால் அவர் வேலைக்கே ஆபத்து. ஆளைத் தூக்கிக்கொண்டு போய்த் தனியாக அடைத்துவிடுவார்கள். குடையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "ஆருக்கு அம்மாள் வருத்தம்?" என்று கேட்டார்.

"மீனுக்குங்கய்யா" என்றார் இவர்.

கிராணி சிரித்த சிரிப்பு எங்கள் லயம்வரை கேட்டிருக்கும். சிரித்துக்கொண்டே படியேறி வந்தார். கோணியை விலக்கித் தொட்டியைக் குனிந்து பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தார். அவருடைய சிரிப்பு அப்படியே அடங்கிவிட்டது. மீன் செத்தால் எங்கள் கதி என்ன என்று அவருக்குத் தெரியாதா? கோணியைப் பழையபடி இழுத்து மூடிவிட்டுப் போனார். ஆபீசில் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த வாரத்தில் ஒரு காலை பார்த்தால் மீன்கள்மேல் ஒரு புள்ளி இல்லை. ஏழும் பளபளவென்று இருந்தன. முதலில் நோயில் விழுந்த மீன்கூட செட்டையை விரித்து நீந்தியது. "இறங்கிட்டா, இறங்கிட்டா" என்று சொல்லிக்கொண்டே இவர் லயத்துக்கு ஓடிவந்தார். அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். தண்ணீரிலேயே கிடக்கிற மீனுக்குத் தலைக்கு எப்படி ஊற்றுவது என்று கேட்டு லயத்துப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் சளைக்கவில்லை. மஞ்சளும் வேப்பிலையும் போட்ட தண்ணீரை ஒரு சொம்பில் எடுத்து, தொட்டியின் நான்கு மூலையிலும் ஊற்றிக் கும்பிட்டார். நான் கூழ் காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றினேன். அம்மைக்கும் உப்புக்கும் நடந்த வழக்கில் நான் தோற்றுப் போயிருந்தேன். அப்படித் தோற்றதில் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்லி முடியாது.

இந்த இடத்தில் பல வருடம் தாண்டிப் போய் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிள்ளானில் அலங்கார மீன் விற்கிற கடை ஒன்றில், மழைக்கு ஒதுங்கி நின்றபோது, அதே ரவைப் புள்ளியை ஒரு தொட்டியில் பார்த்தேன். கடைக்காரத் தம்பியிடம் இது என்ன என்று கேட்டேன். கண்ணுக்குத் தெரியாத பூச்சி ஆன்டி, மீன் தோலுக்கு அடியில் புகுந்து வளரும், அதுதான் வெள்ளையாகத் தெரிகிறது என்றான். முற்றினதும் தானாகவே உதிர்ந்து அடியில் விழுமாம். உடம்பு சுத்தமாகிவிட்டது என்று நாம் நினைப்போம். அடியில் கிடக்கிற ஒவ்வொன்றும் வெடித்து நூற்றுக்கணக்கில் கிளம்பி மறுபடி மீனைத் தேடி வருமாம். அப்படி வெளியில் திரிகிற நேரத்தில்தான் உப்பும் சூடும் அதைக் கொல்லும், மீன்மேல் இருக்கும்போது ஒன்றும் செய்ய முடியாது என்றான். தண்ணீர் குளிர்ந்தால் மீனுக்குத் தெம்பு போகும், நோய் இன்னும் இழுத்துக்கொண்டு போகும் என்றும் சொன்னான்.

அதாவது, நாங்கள் கூழ் ஊற்றிக் கும்பிட்ட அன்றுதான் தொட்டியின் அடியில் எங்களுக்கான சாவு குஞ்சு பொரித்துக்கொண்டிருந்தது. இதைச் சொல்லி வருத்தப்பட அப்போது அவர் இல்லை. ஊருக்குப் போன இடத்தில் இரண்டாவது மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. கிள்ளான் பக்கம் இருந்த என் அண்ணன்தான் யார் யாரையோ பிடித்து என்னைத் திரும்ப வரவழைத்துக்கொண்டான். அந்தத் தம்பி, மீன் வளர்க்கிறீங்களா ஆன்டி என்று கேட்டான். இல்லை என்று சொல்லிவிட்டு மழையிலேயே நடந்தேன்.

அன்று கூழ் குடித்த சட்டி காய்வதற்குள் புள்ளிகள் திரும்பி வந்தன. இந்த முறை ஒன்றிரண்டு இல்லை. ஏழு மீனையும் மாவில் புரட்டி எடுத்தது போலிருந்தது. மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூச்சுக்குத் தவித்தன. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. காலையில் ஒன்று பக்கவாட்டில் மிதக்கும், சாயங்காலம் இன்னொன்று. அவர் ஒவ்வொன்றையும் கையில் ஏந்திப் போய் குரோட்டன் செடிக்கடியில் புதைத்துவிட்டு வருவார். வந்து மறுபடி தொட்டியின் முன்னால் உட்காருவார். என்ன குறை வைத்தேன் என்று ஆத்தாவைக் கேட்பார். நான் பக்கத்தில் இருப்பதுகூட அவருக்குத் தெரியாது.

ஒரே ஒரு மீன் மிஞ்சியது. அன்று மத்தியானம் அவர் லயத்துக்கு வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"இந்தா புள்ள, அந்தச் சீனன் எவ்வளவு உப்பு போடச் சொன்னான்?" என்றார்.

என் வாழ்க்கையில் எத்தனையோ துக்கம் பார்த்துவிட்டேன். அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் முகம் இருந்த இருப்பை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. மூன்று பேர் போய்த் தான் மட்டும் பிழைத்ததற்கு அவர் வைத்திருந்த ஒரே காரணத்தை, தன் கையாலேயே தூக்கிப் போடுகிறார். சீனர் அளவு சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உப்புச் சட்டியை எடுத்துக்கொண்டு அவரோடு மேட்டுக்கு ஓடினேன். தொட்டியை இருவருமாக வெயிலுக்கு இழுத்தோம். அவர் ஒரு கை, நான் ஒரு கை என்று போட்டோம். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுதான். கடைசி மீன் ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு வயிற்றைக் காட்டிவிட்டது.

குட்டையிலிருந்து இரண்டு சின்ன மீன்களைப் பிடித்துப் போட்டுப் பார்த்தார். மீன் என்று ஏதாவது இருந்தால் போதும் என்று ஒரு ஆசை. அதே தண்ணீர், அதே கல். அவற்றுக்கும் புள்ளி வந்தது, அவையும் போயின. அதற்குப் பிறகு அவர் தொட்டியைக் கழுவவில்லை. வெயிலில் தண்ணீர் பச்சையானது. கண்ணாடியில் பாசி படர்ந்து உள்ளே இருப்பது தெரியாமல் போயிற்று. அதுவே ஒரு வழி என்று நாங்கள் இருவரும் வாய்விட்டுப் பேசிக்கொள்ளாமலே முடிவு செய்துகொண்டோம்.

சனிக்கிழமை கிராணி வந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றேன். "மீன் சுகமோ?" என்றார். "சௌக்கியமா இருக்குதுங்கய்யா" என்று இவர் சொன்னார். கிராணி படியேறி வந்து அந்தப் பச்சைத் தொட்டியின் முன்னால் குனிந்தார். மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"ஓம், தெரியுது" என்றார்.

குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார், அதற்கடுத்ததும் வந்தார். ஒவ்வொரு முறையும் குனிந்து பார்ப்பார், தெரியுது என்பார். சம்பளமும் வந்தது. இவர் தினமும் போய் வெறும் தொட்டியில் புழு போட்டார். யாருக்காக என்று நான் கேட்கவில்லை. போடாமல் இருந்தால் பொய்யாகிவிடுமே என்று நினைத்தாரோ என்னவோ.

பிறகு ஒரு சனிக்கிழமை வேறொரு கிராணி வந்தார். இளவயதுக்காரர், குடை இல்லை. பழையவர் எங்கே என்று இவர் கேட்டதற்கு, ஆள் குறைத்ததில் அவரும் போய்விட்டார் என்றார். தொட்டியைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினார். கையை உதறிவிட்டு, மீன் எங்கே என்று கேட்டார். என் வீட்டுக்காரர் குரோட்டன் செடியைக் காட்டினார். அந்த மனிதரைக் குறை சொல்ல முடியாது. பார்க்கச் சொன்னார்கள், பார்த்தார்.

லயத்து அறையைக் காலி செய்ய அதிக நேரம் ஆகவில்லை. இரண்டு மூட்டையில் அடங்கிய குடித்தனம்தான். உப்புச் சட்டியைப் பக்கத்து அறை அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

ஸ்டேஷனில் போர்ட் சுவெட்டன்ஹாம் ரயிலுக்குக் காத்திருந்த கூட்டத்தில் எங்கள் ஆட்கள்தான் பாதி. நாங்கள் ஏறி உட்கார்ந்தபின் ஜன்னலுக்கு வெளியே ஒரு குடை நகர்ந்து வந்தது. பழைய கிராணிதான். கொழும்புக் கப்பலைப் பிடிக்கப் போகிறாராம். மனைவியும் பெட்டிகளும் முன் வண்டியில் இருப்பதாகச் சொன்னார். போட்டிருந்த கோட்டு அவர் உடம்பில் தொளதொளவென்று தொங்கியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி ஊதியது.

"மீன் சுகமோ?" என்று கேட்டார்.

இவர் எழுந்து கைகட்டி நின்றார். அந்த நெரிசலில், கால் வைக்க இடமில்லாத இடத்தில், வராந்தாவில் நின்றதுபோலவே நின்றார்.

"சௌக்கியமா இருக்குதுங்கய்யா" என்றார்.

கிராணி தலையாட்டினார். கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டவர்போல் குடையோடு முன் வண்டிக்கு நடந்தார். ரயில் நகர்ந்தது. இவர் உட்கார்ந்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதார். கிள்ளான் தாண்டும்வரை அழுதார். அழாதீங்க என்று நான் சொல்லவில்லை. அதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமே.